பந்தை மட்டும் காட்டினால் ஆட்டம் தெரியுமா?

1970 ஜூன் 21, மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிய நாலைந்து நிமிடங்கள்தான் பாக்கி. பிரேசில் 3-1 என்று இத்தாலியை முந்தி நிற்கிறது. பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே பேலேவின் காலுக்குப் பந்து வருகிறது. அவர் அவசரப்படவில்லை. ஒரு கணம் தாமதித்து, வலப்பக்கமாக மெல்லத் தள்ளிவிடுகிறார். தொலைக்காட்சிப் படத்தில் அங்கே யாருமே இல்லை, வெறும் புல்தான். அடுத்த நொடி, திரைக்கு வெளியிலிருந்து கார்லோஸ் அல்பர்டோ பாய்ந்து வருகிறார். நிறுத்தாமல், யோசிக்காமல் ஒரே உதை. கோல்.

இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. யாருமில்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ள பேலேவுக்கு எப்படித் தோன்றியது என்று பல வருடங்கள் வியந்திருக்கிறேன். மைதானத்தில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வியப்பு இருந்திருக்காது என்பது பின்னால்தான் உறைத்தது. வலது பின்கள வீரரான கார்லோஸ் அல்பர்டோ அத்தனை தூரம் ஓடி வருவதை அவர்கள் பல நொடிகளாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். பேலே செய்தது மந்திரமல்ல, கச்சிதமான கணக்கு. அந்தக் கணக்கின் பாதியைக் கேமரா வெட்டிவிட்டதால்தான் நமக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

தொலைக்காட்சியில் கால்பந்து பார்ப்பவர்களின் மனக்குறைகளைக் கேட்டால் பட்டியல் நீளும். தேவையில்லாத க்ளோஸ்-அப், ஆட்டம் ஓடும்போதே ரீப்ளே, கூட்டத்தில் யாரோ ஒருவரின் முகம், கண்ணைப் பறிக்கும் விளம்பரப் பலகை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான்: பந்து தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று நிமிடம்தான், மீதி 87 நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அவர் நல்ல வீரரா என்பதைச் சொல்லும் என்று நெதர்லாந்தின் ஆட்டமேதை யோஹான் க்ரைஃப் சொன்னதுண்டு. நமக்கு வரும் படம் அந்த மூன்று நிமிடத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

ஏதாவது ஓர் ஆட்டத்தின் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். நடுக்களத்தில் ஃபவுல். விசில் ஊதியதும் விழுந்தவரின் முகம் திரையை நிரப்புகிறது. பிறகு விழவைத்தவரின் முகம். பிறகு கோட்டோரம் கைகளை விரித்துக் கத்தும் பயிற்சியாளர். பிறகு ரீப்ளே, முன்பக்கத்திலிருந்து. மறுபடி ரீப்ளே, பின்பக்கத்திலிருந்து, பூட்ஸிலிருந்து புல் துணுக்குகள் தெறிப்பது வரைக்கும் மெதுவாக. இடையில் வர்ணனையாளரின் குரல் திடீரென்று உயர்கிறது. படம் சட்டென்று நேரலைக்குத் திரும்பும்போது பந்து பெனால்டி பகுதிக்குள் போய்விட்டது, ஒருவர் உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார். ஃப்ரீகிக்கை எடுத்தது யார்? எதிரணியின் தடுப்பு வரிசை அப்போது எங்கே நின்றது? அது தயாராகும் முன்பே எடுத்துவிட்டார்களா? எதுவும் தெரியாது. கோல் விழுந்தால் கோலைக் காட்டுவார்கள். அந்த ஃப்ரீகிக் எடுக்கப்பட்ட விதத்தைக் காட்டுவது அபூர்வம்.

வேகமாக ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு திறமை. 2019 மே 7, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லிவர்பூலின் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு கார்னர் கொடியை விட்டு விலகுவதுபோல் இரண்டடி வைத்து, சட்டென்று திரும்பிப் பந்தை உள்ளே அடித்தார். பார்சிலோனா தடுப்பாட்டக்காரர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். திவோக் ஒரிகி கோல் அடித்தார், 4-0. ஆட்டம் நின்றிருக்கிறது என்று எதிரணி நம்பும் அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட மூளை வேலை நடக்கிறது. நின்றிருக்கிறது என்று இயக்குநரும் நம்பி ரீப்ளேக்குப் போய்விட்டால், ஏமாறுவது பார்சிலோனா மட்டுமல்ல, நாமும்தான்.

படம் எப்படி நம்மிடம் வருகிறது

மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு திரையும் ஒரு கேமரா. முதன்மைக் கேமரா நடுக்கோட்டுக்கு நேரே, பார்வையாளர் மாடத்தில் உயரமான மேடையில் இருக்கும். ஆட்டத்தின் பெரும்பகுதியை நாம் பார்ப்பது இதன் வழியாகத்தான். அதன் பக்கத்திலேயே வீரர்களை நெருங்கிக் காட்ட இன்னொன்று. இரண்டு பெனால்டி பகுதிகளுக்கும் நேராகப் பகுதிக்கொன்று. கோலுக்குப் பின்னால், கோட்டோரம், எதிர்ப்பக்க மாடத்தில், கம்பியில் தொங்கியபடி என்று மற்றவை. 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் குழுவின் பார்வைக்கு மட்டும் 33 ஒளிபரப்புக் கேமராக்களின் படங்கள் போயின. 2022இல் அது 42 ஆனது.

இத்தனை திரைகளுக்கு முன் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் எந்தக் கேமராவை எப்போது காட்டுவது என்று நொடிக்கு நொடி குரல் கொடுப்பார். ரீப்ளே இயக்குபவர்கள் தங்கள் கருவியில் காட்சியைக் குறித்து வைத்து, "இருக்கு, நல்ல கோணம்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த அறையில் இருப்பவர்கள் சோம்பேறிகளோ கால்பந்து தெரியாதவர்களோ அல்ல. கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கும் மிகக் கடினமான வேலை அது. ஆனால் அந்த ஏற்பாடே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாற்பது கேமரா வைத்தால் நாற்பதையும் பயன்படுத்தத் தோன்றும். நெருக்கமான கோணங்கள் குவியக் குவிய, விரிந்த ஒரே படத்தில் பத்து நொடி பொறுமையாக நிற்பது அங்கிருப்பவர்களுக்கு எதுவும் செய்யாமல் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. பார்க்கிற நமக்கோ அந்தப் பத்து நொடிதான் ஆட்டம்.

பெரிய போட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலகக் கோப்பையிலும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவிலும் படம் பிடிப்பது நாம் பார்க்கும் சேனல் அல்ல. போட்டியை நடத்தும் அமைப்பு அமர்த்திய தயாரிப்புக் குழு ஒரே படத்தைத் தயாரிக்கும், எல்லா நாட்டுச் சேனல்களும் அதைத்தான் வாங்கி ஒளிபரப்பும். 2002 முதல் உலகக் கோப்பைக்கு ஹோஸ்ட் பிராட்காஸ்ட் சர்வீசஸ் என்ற நிறுவனம் இதைச் செய்துவருகிறது. உள்ளூர் வர்ணனையாளர் எவ்வளவு நுட்பமானவராக இருந்தாலும், தான் பேச நினைக்கும் இடத்தைத் திரையில் கொண்டுவர அவரால் முடியாது. பல நேரம் அவரே வேறொரு ஊரில், நம்மைப்போல ஒரு திரையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

இந்த ஒற்றை வழி எவ்வளவு மெலிதானது என்பது 2008 ஜூன் 25 அன்று தெரிந்தது. யூரோ அரையிறுதியில் ஜெர்மனியும் துருக்கியும் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஆடிக்கொண்டிருந்தன. படம் மட்டும் வியன்னாவில் இருந்த ஒளிபரப்பு மையம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வியன்னாவில் புயல் அடித்து அந்த மையத்தில் மின்சாரம் தடைபட, உலகமெங்கும் திரைகள் இருண்டன. மிரோஸ்லாவ் க்ளோசே ஜெர்மனியின் இரண்டாவது கோலை அடித்ததைப் பல நாட்டு ரசிகர்கள் பார்க்கவே இல்லை, வர்ணனையாளர்கள் வானொலிக் காலம்போல வாயால் சொல்லிச் சமாளித்தார்கள். சுவிஸ் தொலைக்காட்சிக்கு மட்டும் மைதானத்திலிருந்து நேரடியாகத் தனிப் படம் வந்துகொண்டிருந்தது.

சின்னத் திரையின் பழக்கம்

பந்தைத் துரத்தும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? திட்டமிட்ட தவறல்ல, ஒரு காலத்தில் அது தேவையாக இருந்தது. பிபிசி முதன்முதலில் கால்பந்தை நேரலையாகக் காட்டியது 1937 செப்டம்பர் 16 அன்று. லண்டனின் ஆர்சனல் அணி தன் ரிசர்வ் அணியுடனேயே தன் மைதானமான ஹைபரியில் ஆடிய காட்சி ஆட்டம் அது. உலகக் கோப்பை தொலைக்காட்சிக்கு வந்தது 1954இல். கறுப்பு வெள்ளையில் மங்கலாகத் தெரியும் சின்னப் பெட்டியில் பந்து எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1970 உலகக் கோப்பைக்கு அடிடாஸ் செய்த பந்தில் 12 கறுப்பு ஐங்கோணங்களும் 20 வெள்ளை அறுகோணங்களும் இருந்தன. கறுப்பு வெள்ளைத் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பெயரே 'டெல்ஸ்டார்', அதாவது தொலைக்காட்சி நட்சத்திரம். இன்றும் கால்பந்து வரைந்து காட்டு என்று குழந்தையிடம் சொன்னால் அது வரைவது அந்தப் பந்தைத்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், ஆகவே விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். திடலின் நீளம் 105 மீட்டர். பழைய தொலைக்காட்சித் தரத்தில் திரையின் குறுக்கே 720 புள்ளிகள். திடல் முழுவதையும் அதில் அடக்கினால் பந்துக்குக் கிடைப்பது ஒன்றரைப் புள்ளி. காணவே முடியாது. ஆகவே கேமரா நெருங்கித்தான் ஆக வேண்டும். எச்டி வந்தபோது குறுக்கே 1920 புள்ளிகள், முழுத் திடல் தெரியும் படத்தில் பந்துக்கு நான்கு புள்ளிகள். பாதித் திடலைக் காட்டினால் எட்டு. இன்றைய 4கே திரையில் 3840 புள்ளிகள். அதில் திடல் முழுவதையும் காட்டினாலும் பந்துக்கு எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். எச்டி திரையில் பாதித் திடலைப் பார்க்கும்போது பந்து எவ்வளவு தெளிவாக இருந்ததோ, 4கேயில் முழுத் திடலைப் பார்க்கும்போதும் அவ்வளவு தெளிவு.

இது தோராயக் கணக்குதான். எதிர்க்கோட்டோரம் இருக்கும் பந்து இன்னும் சின்னதாகத் தெரியும், இணையம் வழியாக வரும் படம் சுருக்கப்பட்டுப் புல்லெல்லாம் பச்சைச் சேறாகக் குழம்புவதும் உண்டு. ஆனாலும் போக்கு தெளிவு. திரைகள் பெரிதாகி, நுணுக்கம் கூடிய ஒவ்வொரு முறையும் கேமரா ஓரடி பின்னால் போயிருக்கலாம். அது நடக்கவில்லை. கூடுதல் தெளிவு கிடைத்ததும் அதை வியர்வைத் துளியைக் காட்டச் செலவிட்டார்கள். இப்போது கைபேசியில் பார்ப்பவர்களுக்காக என்று சொல்லி இன்னும் நெருங்குகிறார்கள். பெரிய திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் கைபேசிக்காரருக்கும் ஒரே படம்.

பழி யார் மேல் விழுகிறது

ரசனைக் குறையாக மட்டும் இதை நினைத்து ஒதுக்க முடியாததற்குக் காரணம், வீரர்களைப் பற்றிய நம் தீர்ப்பையே இது கோணலாக்குகிறது என்பதுதான்.

ஒரு மிட்ஃபீல்டர் பந்தைப் பின்னால் கோல்கீப்பருக்குத் தள்ளுகிறார். "பயந்தாங்கொள்ளி, முன்னால் ஆடத் தெரியாதா?" என்று வீட்டில் சத்தம். முன்னால் இருந்த மூன்று பேரையும் எதிரணி அடைத்து நின்றது திரையில் இல்லை. ஒரு ஸ்ட்ரைக்கர் ஆட்டம் முழுக்கப் பந்தையே தொடாமல் "தூங்குகிறார்" என்கிறோம். அவர் இருபது முறை குறுக்கே ஓடி இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்னோடு இழுத்துப்போனதால்தான் நடுவில் வழி திறந்தது, அதுவும் திரையில் இல்லை. சென்டர்-பேக் ஒருவர் கடைசி நொடியில் சறுக்கிப் பந்தைத் தட்டிவிட்டால் நான்கு கோணத்தில் ரீப்ளே கிடைக்கும். முன்கூட்டியே சரியான இடத்தில் நின்று, அந்தப் பாஸ் போகவே விடாமல் செய்தவருக்கு ஒரு ரீப்ளேயும் இல்லை. ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் செய்ததுதான் அவருடைய ஆட்டம்.

ஒருமுறை கோலுக்குப் பின்னால், மேல் மாடத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்தேன். அதுவரை தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்த ஓர் இடது பின்கள வீரர் எனக்கு எப்போதும் சாதாரண ஆட்டக்காரராகவே பட்டிருந்தார். அன்று அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். பந்து எதிர்க்கோடியில் இருக்கும்போதும், இரண்டு மூன்று நொடிக்கொருமுறை தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பவரை நான்கடி முன்னே வரச் சொல்கிறார். பந்து இந்தப் பக்கம் மாறி வரும்போது எல்லாம் தயார், எதிரணி விங்கர் திரும்பிப் பின்னாலேயே போகிறார். அதே ஆட்டத்தின் பதிவை மறுநாள் வீட்டில் பார்த்தேன். அந்தத் தலை திரும்பல்களில் ஒன்றுகூடத் திரையில் இல்லை. பந்து வந்ததும் அவர் தோன்றுகிறார், எதிரணி பின்வாங்குகிறது, பந்து போனதும் அவரும் போய்விடுகிறார். நான் ஏன் அவரைச் சாதாரணமானவர் என்று நினைத்தேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கோல் ரீப்ளேயின் வழக்கமான அமைப்பும் இதேதான். கடைசிப் பாஸில் தொடங்கி, உதை, வலை, கொண்டாட்டம். மூன்று முறை காட்டினாலும் மூன்றும் அந்த நாலு நொடிதான். கோலின் காரணம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நொடி முன்னால், முப்பது மீட்டர் தள்ளி இருக்கும்: இடம்விட்டு நகர்ந்த ஒருவர், பின்தொடர்ந்து ஓடாத ஒருவர். மூன்றில் ஒரு ரீப்ளேயை விரிந்த கோணத்தில், சற்று முன்னாலிருந்து தொடங்கிக் காட்டினால் போதும். கேட்பது அவ்வளவுதான்.

கோணம் சொல்லும் பொய்

ஆஃப்சைடு, அதாவது பந்து அனுப்பப்படும் கணத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிக் கோலுக்கு அருகே நிற்கும் தவறு விஷயத்தில், நம் கண்ணைக் கேமரா தினமும் ஏமாற்றுகிறது. முதன்மைக் கேமரா நடுக்கோட்டில் இருக்கிறது. பெனால்டி பகுதியின் விளிம்பு அங்கிருந்து 36 மீட்டர் தள்ளி, ஆகவே கேமரா அதைச் சாய்வாகத்தான் பார்க்கும். இரண்டு வீரர்கள் கோல் கோட்டிலிருந்து சரியாக ஒரே தூரத்தில் நிற்கிறார்கள், ஒருவர் கேமரா பக்கம், இன்னொருவர் எதிர்ப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கேமரா பக்கம் இருப்பவர் கோலுக்கு நெருங்கியதுபோலத் தெரிவார். தாக்குபவர் அந்தப் பக்கம் இருந்தால் "அப்பட்டமான ஆஃப்சைடு" என்று கத்துவோம். எதிர்ப்பக்கம் இருந்தால் அவர் முன்னால் போயிருந்தாலும் நமக்குத் தெரியாது. துணை நடுவரைத் திட்டும் முன் புல் வெட்டிய கோடுகளைப் பார்ப்பது நல்லது. திடலுக்குக் குறுக்கே நேராக வெட்டப்பட்டிருந்தால் அவை பொய் சொல்லாது.

கேமரா இருக்கும் உயரமும் இப்படித்தான். தாழ்வாக இருந்தால் வேகமும் மோதலும் நன்றாகத் தெரியும், வீரர்களுக்கு இடையிலான இடைவெளி மறைந்துபோகும். உயரே போனால் இடைவெளிகள் தெரியும், வேகம் சப்பென்று ஆகும். கோலுக்குப் பின்னாலிருந்து நீள லென்ஸில் எடுக்கும்போது பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் ஒட்டி நிற்பதுபோல் தெரிவார். இதில் எந்தக் கோணமும் முழு உண்மையல்ல. ஒன்றை மட்டும் காட்டி "பாருங்கள், தெளிவாகத் தெரிகிறதே" என்று சொல்வதுதான் ஆபத்து.

வீடியோ நடுவர் முறை 2018 உலகக் கோப்பையில் வந்தபோது இந்தக் குழப்பம் தீரும் என்று பலரும் நம்பினோம். ஒரு பகுதி தீர்ந்தது. ஆனால் ஒளிபரப்புப் படத்துக்கு அதன் எல்லை உண்டு. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே, நொடிக்கு எட்டு மீட்டர் ஓடும் வீரர் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் அந்த இடைவெளியில் விழுந்தால், அக்குளுக்கும் தோளுக்கும் கோடு போட்டு அளப்பதில் என்ன துல்லியம்? இதற்காகவே 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஒளிபரப்புக் கேமராக்களை நம்பாமல், கூரையில் தனியாக 12 கேமராக்கள் பொருத்தி, ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 இடங்களை நொடிக்கு 50 முறை குறித்தார்கள். பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது.

மெதுவாக ஓட்டிக் காட்டுவதில் வேறொரு கேடு. வேகமாக நடக்கும் ஒரு மோதலை மெதுவாக்கினால், மோதியவருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்ததுபோலவும், தெரிந்தே செய்ததுபோலவும் தோன்றும். இது மனித மனத்தின் இயல்பு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2016இல் யூஜின் கரூசோவும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதனைகளால் காட்டினார்கள். விதிகளை வகுக்கும் சர்வதேசக் கால்பந்து சங்க வாரியமும் இதை உணர்ந்திருக்கிறது: கால் எங்கே பட்டது, எந்த இடத்தில் பட்டது போன்ற உண்மைகளுக்கு மட்டும் மெதுவான படம், மோதலின் வேகத்தை எடைபோட இயல்பான வேகம் என்பது வீடியோ நடுவர்களுக்கான வழிகாட்டுதல். நமக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. கணுக்கால் வளைவதை ஐந்து முறை மெதுவாகக் காட்டிவிட்டு, சிவப்பு அட்டை தராத நடுவர்மேல் நம் கோபத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

கதை சொல்லும் ஆசை

2012 யூரோவில் நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் பின்னாலிருந்து வந்து, பந்து எடுத்துத் தரும் சிறுவனின் கையிடுக்கில் இருந்த பந்தைக் குறும்பாகத் தட்டிவிடுவதைக் காட்டினார்கள். ஆட்டத்தின் நடுவில் எவ்வளவு நிதானம் என்று பார்த்தவர்கள் ரசித்தார்கள். உண்மையில் அது ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்த காட்சி. அதே தொடரின் அரையிறுதியில் இத்தாலியிடம் ஜெர்மனி இரண்டாவது கோல் வாங்கியதும் கண்ணீர் வழியும் ஒரு ஜெர்மன் ரசிகையின் முகம் வந்தது. அவர் அழுதது தேசிய கீதத்தின்போது. ஜெர்மானியப் பொதுத் தொலைக்காட்சிகள் போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவிடம் முறையிட்டன. நேரலை என்ற சொல்லை நம்பித்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். பழைய காட்சியைச் செருகி உணர்ச்சியைத் தயாரித்தால் அந்த நம்பிக்கை உடைகிறது. ஒரு சின்னத் துணுக்குதானே என்று இதைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2018இல் ஃபிஃபாவே, மாடத்தில் இருக்கும் அழகான பெண்களைத் தேடிப் பிடித்து நெருக்கமாகக் காட்ட வேண்டாம் என்று ஒளிபரப்பாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் நாற்காலிக்குக் காசு கொடுத்தது ஆட்டம் பார்க்க, காட்சிப்பொருள் ஆவதற்கல்ல.

இவற்றையெல்லாம்விட மனத்தை விட்டு அகலாதது 2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் டென்மார்க்-பின்லாந்து ஆட்டத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில், யாரும் மோதாமலேயே கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் மார்பை அழுத்திக்கொண்டிருந்தபோது கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, அழுதுகொண்டிருந்த அவருடைய துணைவியையும் காட்டின. சக வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக, வெளிப்புறம் பார்த்து, தோளோடு தோள் நின்று உடம்பாலேயே ஒரு திரை போட்டார்கள். சிலர் கண்ணீரோடு நின்றார்கள். படம் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, யூஈஎஃப்ஏவின் ஒளிபரப்பிலிருந்து வந்தது என்று விளக்கி பிபிசி பார்வையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. எரிக்சன் பிழைத்து மீண்டும் ஆட வந்தார். ஆனாலும் அந்த வட்டத்தை மறக்க முடியாது. எப்போது கேமராவை விலக்க வேண்டும் என்பதை அன்று முடிவெடுத்தவர்கள் வீரர்கள்தான்.

விளம்பரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் அனுபவம் உண்டு. 2009 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் எவர்டன்-லிவர்பூல் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் டான் கோஸ்லிங் அடித்த ஒரே கோலை, பிரிட்டனின் ஐடிவி சேனலைப் பார்த்த பலர் இழந்தார்கள். திரையில் அப்போது மிட்டாய் விளம்பரம். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் ஸ்டீவன் ஜெரார்டு அமெரிக்காவுக்கு எதிராக அடித்த கோலின்போதும் அதே சேனலின் எச்டி ஒளிபரப்பில் விளம்பரம் புகுந்தது. இரண்டும் தவறுதலாக நடந்தவை. வேண்டுமென்றே ஆட்டம் ஓடும்போது படத்தைச் சுருக்கிப் பக்கத்தில் விளம்பரம் ஓட்டுவதுதான் இன்று வளர்ந்துவரும் பழக்கம்.

ஒலியையும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனாவால் மாடங்கள் காலியாக இருந்தபோது, வீடியோ கேம்களில் இருந்து எடுத்த கூட்ட இரைச்சலைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். நான் அதை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது: "பின்னால் ஆள்!", "திரும்பு!", "நேரம் இருக்கு!" கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே இருப்பார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். படத்தில் கிடைக்காத காரணத்தைக் காது கொஞ்சம் கண்டுபிடித்துத் தந்தது.

ஏற்கெனவே இருக்கும் படம்

பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்திலும் ஒரு பக்கத்துக்கு 11 பேர். 22 பேரும் எப்போதும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் பதிவுக்கு 'ஆல்-22' என்றே பெயர். நெடுங்காலம் அது பயிற்சியாளர்களுக்கு மட்டும். 2012இல் அந்த விளையாட்டின் லீக்கான என்எஃப்எல் அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ரசிகர்களுக்கும் திறந்துவிட்டது. நம் கால்பந்திலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. கிளப்புகளின் ஆய்வாளர்கள் எதிரணியைப் படிப்பது நாம் பார்க்கும் ஒளிபரப்பை வைத்து அல்ல, விரிந்த கோணப் பதிவை வைத்துத்தான். உலகக் கோப்பைகளில் 'டாக்டிகல் கேமரா' என்ற தனிப் படமே தயாரிக்கப்படுகிறது. சில ஒளிபரப்பாளர்கள் எப்போதாவது அதைக் கூடுதல் தேர்வாகத் தருகிறார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் அது எடுக்கப்பட்டு, அணிகளுக்குப் போய், நம் கண்ணில் படாமலே முடிந்துவிடுகிறது. புதிதாக ஒரு கேமராகூட வாங்கத் தேவையில்லை. செயலியில் ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

முழு ஆட்டத்தையும் அப்படித்தான் காட்ட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பெனால்டி எடுக்கப்போகிறவரின் கண்ணைப் பார்க்க எனக்கும் ஆசைதான். கோல் அடித்தவரின் முகத்துக்கு நெருங்காத ஒளிபரப்பு வறண்டுபோகும். கேட்பதெல்லாம், பந்து ஓடும்போது முகம் வேண்டாம், விரிந்த படம் எதையாவது ஒன்றைத் தேடிக்கொண்டு நெருங்க வேண்டாம், விரும்புகிறவருக்கு மற்ற படத்தையும் கொடுங்கள் என்பதுதான்.

டாக்டிகல் கேமராவில் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருந்தது, வீரர்கள் சின்னச் சின்னதாக, யார் யார் என்றே புரியாமல். பிறகு கண் பழகிக்கொண்டது. இரண்டு அணிகளின் தடுப்பு வரிசைகளும் கயிற்றில் கட்டியதுபோல் சேர்ந்து முன்னும் பின்னும் அசைந்தன. இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் பந்து இடக்கோடியில் சிக்கியிருந்தது. வலக்கோடியில், பந்துக்கு அறுபது மீட்டர் தள்ளி, பின்கள வீரர் ஒருவர் மெதுவாக நடக்கத் தொடங்கினார். நடை ஓட்டமானது. அவரைக் கவனிக்க வேண்டிய விங்கர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து நடுவுக்கு வந்தது, அங்கிருந்தவர் தலையைத் தூக்காமலேயே வலப்பக்கம் தள்ளினார். அவர் வருவது எனக்கு முன்பே தெரியும்.